பொது எண் ஒன்று இருந்தால் போதும்

உறவுசார் தரவுத்தளம் என்பது தகவல்களை அட்டவணைகளாக வைத்து, அந்த அட்டவணைகளில் எழுதியிருக்கும் மதிப்புகளைக் கொண்டே அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் கணினி ஏற்பாடு. வங்கிக் கணக்கு, மின்கட்டணம், குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை, காப்பீடு என ஒருவரைப் பற்றிய விவரம் இன்று எங்கே பதிவானாலும் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் அட்டவணையில்தான் போய் உட்காருகிறது. கைப்பேசியும் இதற்கு விலக்கல்ல. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் ஐபோனுக்குள்ளும் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அட்டவணையாக எழுதுவது கணக்குப் பிள்ளைகள் காலம் முதலே இருக்கும் பழக்கம். ஆனால் கணினியில் அது இயல்பாக வந்துவிடவில்லை. முதலில் வந்தவை வேறு வகை ஏற்பாடுகள். அவற்றைப் பார்த்தால்தான் அட்டவணை எதைச் சாதித்தது என்பது விளங்கும்.

1960-களில் நிலவுக்கு மனிதரை அனுப்பும் அப்போலோ திட்டத்துக்காக சாட்டர்ன் 5 ராக்கெட் கட்டப்பட்டபோது, அதன் எண்ணற்ற உதிரிப் பாகங்களைக் கணக்கில் வைப்பதே பெரும் வேலையாக இருந்தது. எந்தத் திருகு எந்தப் பகுதிக்குள், அந்தப் பகுதி எந்த எந்திரத்துக்குள் என்று தெரிய வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம், நார்த் அமெரிக்கன் ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகியவற்றோடு சேர்ந்து 1966 முதல் இதற்கென்று ஒரு மென்பொருளை உருவாக்கியது. 1968 ஆகஸ்டில் அது கலிஃபோர்னியாவில் முதன்முதலாக இயங்கியது. பிறகு ஐ.எம்.எஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் தகவல் மரம்போலக் கிளைத்திருக்கும்: மேலே முழு எந்திரம், அதன் கீழே பகுதிகள், அவற்றின் கீழே பாகங்கள். மேலிருந்து கீழே இறங்கிப் போகும் கேள்விகளுக்கு அது மின்னல் வேகத்தில் பதில் சொல்லும். ‘இந்தத் திருகு எந்தெந்த எந்திரங்களில் இருக்கிறது?’ என்று கீழிருந்து மேலே கேட்டால் திணறும்.

இதே காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் வேறொரு வழியைக் கண்டார். அவர் உருவாக்கிய ஐ.டி.எஸ். என்ற அமைப்பில் ஒரு பதிவு பல பதிவுகளோடு இணைந்திருக்கலாம். மரம் வலையாக விரிந்தது. இதற்காக 1973-இல் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குப் போக வேண்டுமானால், அது வட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டி முதல் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நிரல் எழுதுபவர் சுட்டியைப் பிடித்துக்கொண்டு பதிவு பதிவாக நடந்து போவார். கோயிலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, வேப்பமரத்துக்கு எதிரே மூன்றாவது வீடு என்று வழி சொல்வது போன்றது இது. மரத்தை வெட்டிவிட்டால் வழியும் போய்விடும். வட்டில் தகவலை அடுக்கும் முறையை மாற்றினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் அத்தனையையும் திருத்த வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலை ஒரு கணிதக்காரரின் கண்ணோடு பார்த்தவர் எட்கர் எஃப். கோட். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லாந்து தீவில் 1923-இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். 1940-களின் இறுதியில் அமெரிக்கா சென்று ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை அமெரிக்காவை ஆட்டிப்படைத்த ஆண்டுகளில் அந்த நாட்டை விட்டுக் கனடாவுக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். நாற்பது வயதைக் கடந்த பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்துக்குச் சென்றார். 1969-இல் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கையாகவும், 1970 ஜூனில் ஓர் ஆய்விதழில் 11 பக்கக் கட்டுரையாகவும் அவர் முன்வைத்த கருத்துதான் இன்றைய தரவுத்தளங்களின் அடித்தளம்.

அவர் சொன்னதன் சாரம் எளிது. தகவல் எல்லாம் அட்டவணையில் இருக்கட்டும். ஒவ்வொரு வரிசையும் ஓர் உண்மையைச் சொல்லட்டும். வரிசைகளுக்கு முன்பின் என்ற ஒழுங்கு எதுவும் வேண்டாம். சுட்டிகள் வேண்டவே வேண்டாம். ஓர் அட்டவணையில் இருக்கும் எண்ணும் இன்னோர் அட்டவணையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதுவே அவற்றின் இணைப்பு. வட்டில் எது எங்கே இருக்கிறது என்பது கணினி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். கேள்வி கேட்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. கணக் கோட்பாட்டின் மீதும் தருக்கத்தின் மீதும் இதைக் கட்டியதால், எந்தக் கேள்விக்கு என்ன விடை என்பதை ஐயமில்லாமல் வரையறுக்க முடிந்தது.

பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொண்டால் இதெல்லாம் தெளிவாகும். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பால் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று குறிக்கப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை அவரவர் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது. கணினி புதிதாக வந்த இடத்தில் முதலில் தோன்றும் யோசனை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதுவதுதான்: தேதி, வேளை, உறுப்பினர் எண், பெயர், தெரு, வங்கிக் கணக்கு எண், கிளை, கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, லிட்டர், கொழுப்பு. எக்செல் கோப்புகளில் இன்றும் பல அலுவலகங்கள் இப்படித்தான் காலம் தள்ளுகின்றன.

இதில் எங்கே இடிக்கிறது? ஓர் உறுப்பினர் நாள் தவறாமல் இரண்டு வேளையும் பால் ஊற்றினால் ஆண்டுக்கு 730 வரிசைகள். ஒவ்வொன்றிலும் அவர் பெயரும் கணக்கு எண்ணும் திரும்பத் திரும்ப வருகின்றன. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தபோது கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறியது நினைவிருக்கலாம். அப்படி ஒரு கிளையின் குறியீடு மாறினால், அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் எல்லா உறுப்பினர்களுடைய எல்லா வரிசைகளையும் திருத்த வேண்டும். பத்து வரிசை விட்டுப்போனால் போதும். ஒரே கிளைக்கு இரண்டு குறியீடுகள் இருப்பதாகக் கணினி சாதிக்கும். இன்னும் உண்டு. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் முதல் முறை பால் ஊற்றும்வரை அவரைப் பதிவு செய்ய இடமே இல்லை. பழைய ஆண்டுகளின் கொள்முதல் வரிசைகளை அழித்தால், கறவை மாட்டை விற்றுவிட்டு ஒதுங்கியிருக்கும் உறுப்பினர் ஒருவர் இருந்த சுவடே இல்லாமல் போய்விடுவார்.

கோட் இதற்குக் காட்டிய வழிக்கு இயல்பாக்கம் என்று பெயர். ஓர் உண்மை ஓர் இடத்தில் மட்டும் எழுதப்படும்படி அட்டவணையைப் பிரிப்பதே அது. சங்கத்தின் ஒற்றை அட்டவணை மூன்றாகப் பிரிகிறது. உறுப்பினர் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வரிசை: எண், பெயர், தெரு, கணக்கு எண், கிளை எண். கிளை அட்டவணையில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வரிசை: கிளை எண், கிளையின் பெயர், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. கொள்முதல் அட்டவணையில் தேதி, வேளை, உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு மட்டும். இப்போது குறியீடு மாறினால் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரிசை.

உறுப்பினர் அட்டவணையில் ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் உறுப்பினர் எண்ணுக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். அதே எண் கொள்முதல் அட்டவணையில் வரும்போது அயல் திறவுகோல் ஆகிறது. இல்லாத உறுப்பினரின் எண்ணைப் போட்டுப் பால் வரவு எழுத முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். பால் ஊற்றிய கணக்கு இருக்கும்போது உறுப்பினரை நீக்க முயன்றாலும் மறுக்கும். காகிதப் பேரேட்டுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது.

பிரிப்பதிலும் நிதானம் தேவை. லிட்டர் விலை எல்லோருக்கும் பொது என்பதால் அதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் போதும் என்று தோன்றும். விலை உயர்ந்த அன்று அந்த ஓர் எண்ணை மாற்றினால், போன வருடத்துப் பட்டியல்களும் புது விலையில் கணக்காகிவிடும். தணிக்கைக்கு வருபவர் திகைத்துப்போவார். ‘இன்றைய விலை’ ஓர் உண்மை. ‘அன்று கொடுத்த விலை’ வேறோர் உண்மை. எனவே விலை அட்டவணையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் சேர வேண்டும். தரவுத்தள வடிவமைப்பில் பெரிய தவறுகள் கணிதம் தெரியாததால் வருவதைவிட, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்காததால்தான் அதிகம் வருகின்றன.

பெயரையே திறவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் இருப்பது ஒரு காரணம். ஒரே ஆள் மூன்று பெயராகத் தெரிவது அதைவிடப் பெரிய காரணம். ஜெயலட்சுமி ஓர் ஆவணத்தில் ஜெயலக்ஷ்மி, இன்னொன்றில் முதலெழுத்து முன்னால், வேறொன்றில் பின்னால், மற்றொன்றில் முதலெழுத்தை விரித்து அப்பா பெயரே முழுதாக. குடும்பப் பெயர் வழக்கம் உள்ள நாடுகளில் வடிவமைத்த படிவங்கள் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருப்பதால், தமிழர்கள் பலருக்கு அப்பாவின் பெயரே தங்கள் பெயராகி அலுவலகக் கடிதங்களில் வந்து சேர்கிறது. அட்டவணையின் தலைப்புகளை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பது அட்டவணைக்குள் இப்படித் தங்கிவிடுகிறது.

கோடின் கருத்தை அவர் வேலை பார்த்த நிறுவனமே உடனே கைதட்டி வரவேற்கவில்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்தது, அதற்குப் போட்டியைத் தானே வளர்க்க ஐ.பி.எம்.முக்கு அவசரம் இல்லை. 1974-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் நடந்த கூட்டத்தில் கோட் தரப்பும் பாக்மன் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. அட்டவணைகளைப் பொருத்துவது தாள முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கும் என்பதே எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம். அந்தக் காலக் கணினிகளைப் பார்த்தால் அது வீண் வாதம் என்று சொல்லிவிட முடியாது. செய்து காட்டினால்தான் விடை கிடைக்கும் என்ற நிலை.

இரண்டு இடங்களில் செய்து காட்டினார்கள். சான் ஹோசேயில் ஐ.பி.எம். ‘சிஸ்டம் ஆர்’ என்ற சோதனை அமைப்பைக் கட்டியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் மாணவர்களை வைத்துக்கொண்டு ‘இங்க்ரெஸ்’ அமைப்பை உருவாக்கினார்கள். பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் பின்னாளில் தொடங்கிய இன்னொரு திட்டத்தின் வழித்தோன்றல்தான் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ்.

சிஸ்டம் ஆர் கொடுத்த முதல் கொடை ஒரு மொழி. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அறிமுகம் செய்த அது பிறகு எஸ்.க்யூ.எல். எனப் பெயர் மாறியது. பாய்ஸ் அதே ஆண்டு இளம் வயதிலேயே இறந்துபோனார். இந்த மொழியில் எப்படித் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். ‘இந்த மாதம் 300 லிட்டருக்கு மேல் ஊற்றிய உறுப்பினர்களின் பெயரும் கிளையும் வேண்டும்’ என்பதை மூன்று நான்கு வரிகளில் எழுதிவிடலாம். கணினி உறுப்பினர் அட்டவணையையும் கொள்முதல் அட்டவணையையும் உறுப்பினர் எண்ணால் பொருத்துகிறது. கிடைத்ததைக் கிளை அட்டவணையோடு கிளை எண்ணால் பொருத்துகிறது. உறுப்பினர் வாரியாக லிட்டரைக் கூட்டுகிறது. 300-ஐத் தாண்டாதவர்களைக் கழிக்கிறது. இப்படிப் பொருத்துவதற்கு இணைப்பு என்று பெயர். துறையில் இருப்பவர்கள் ‘ஜாயின்’ என்றே சொல்வார்கள்.

இதே விடையைப் பல வழிகளில் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் சுவையான பகுதி. முதலில் இந்த மாதத்து வரிசைகளை மட்டும் பிரித்துக்கொண்டு பிறகு பொருத்தலாம். எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் பிறகு மாதத்தைப் பார்க்கலாம். விடை ஒன்றுதான், நேரம் ஆயிரம் மடங்கு வேறுபடலாம். எந்த வழி மலிவு என்று கணினியே மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை பாட்ரிசியா செலிங்கரும் அவருடைய குழுவினரும் 1979-இல் வெளியிட்டார்கள். ஒவ்வோர் அட்டவணையிலும் எத்தனை வரிசைகள், ஒரு நெடுவரிசையில் எத்தனை வேறுபட்ட மதிப்புகள் என்ற புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழிக்கும் எத்தனை முறை வட்டைத் தொட வேண்டியிருக்கும் என்று அது கணக்குப் போடுகிறது. ‘தாள முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கும்’ என்ற வாதத்துக்கு உண்மையான பதில் இந்தக் கணக்கில்தான் கிடைத்தது. அனுபவமுள்ள நிரலாளர் கையால் தேர்ந்தெடுக்கும் வழிக்குக் கணினி தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சளைத்ததில்லை என்று ஆனது.

வேகத்துக்கு இன்னொரு துணை, போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்த பி-மரம் என்ற தேடு பட்டியல். அதன் ஒவ்வொரு கணுவிலும் 300 மதிப்புகளுக்குக் கிளை பிரியும் என்று வைத்துக்கொண்டால், மூன்று படி இறங்குவதற்குள் 2 கோடியே 70 லட்சம் வரிசைகளில் வேண்டிய ஒன்றைப் பிடித்துவிடலாம். புது வரிசை சேரும்போது இந்தப் பட்டியலையும் திருத்த வேண்டும் என்பதால், எல்லா நெடுவரிசைக்கும் பட்டியல் போட்டுவைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

கடைசியில் இந்த மென்பொருளை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஐ.பி.எம். அல்ல. சிஸ்டம் ஆர் குழு வெளியிட்ட கட்டுரைகளைப் படித்த லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் ஆகியோர் 1977-இல் தொடங்கிய சிறு நிறுவனம் 1979-இல் ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் ஒன்றை விற்றது. அதற்கு இரண்டாம் பதிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் பதிப்பு என்று ஒன்று விற்பனைக்கு வரவேயில்லை. ஐ.பி.எம். 1981-இலும் பிறகு 1983-இல் டி.பி.2 என்ற பெயரிலும் களத்தில் இறங்கியது. 1981-இல் கோட் டூரிங் விருது பெற்றார். எஸ்.க்யூ.எல். 1986-இல் அமெரிக்கத் தரமாகவும் மறு ஆண்டு உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. மென்பொருள் மொழிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை உடை மாற்றிக்கொள்ளும் துறையில், அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய எஸ்.க்யூ.எல். கட்டளையின் வடிவம் இன்றும் மாறாமல் இருப்பது வியப்பே.

பொருத்துவது ஒரு பாதி. பல பேர் ஒரே நேரத்தில் கை வைத்தாலும், நடுவில் மின்சாரம் போனாலும் கணக்கு குழம்பாமல் காப்பது மறுபாதி. சங்கத்தின் கணக்கிலிருந்து 4,200 ரூபாயைக் கழித்து உறுப்பினரின் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை இரண்டு செயல்கள். கழித்தபின், சேர்ப்பதற்கு முன் மின்சாரம் போனால் பணம் யாரிடமும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே பரிமாற்றம் என்று அறிவித்துவிட்டால், ஒன்று இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. இதற்கான கோட்பாட்டையும் நடைமுறையையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. சிஸ்டம் ஆர் குழுவில் இருந்தவர். 1998-இன் டூரிங் விருதைப் பெற்றவர். 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போன அவர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தேடியும் படகின் தடயம்கூடக் கிடைக்கவில்லை.

மின்சாரம் போய் வந்தபின் எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? எந்த மாற்றத்தையும் அட்டவணையில் எழுதுவதற்கு முன், ‘இன்ன மாற்றம் செய்யப்போகிறேன்’ என்று ஒரு நாட்குறிப்பில் எழுதி வட்டில் பத்திரப்படுத்திவிடுகிறது. மீண்டும் உயிர்பெறும்போது நாட்குறிப்பைப் படித்து, முடிந்தவற்றைத் திரும்பச் செய்து, முடியாதவற்றைத் துடைக்கிறது. இதை முழுமையான முறையாக வகுத்து 1992-இல் வெளிவந்த ‘ஏரிஸ்’ வழிமுறையின் முதன்மையான ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பல தரவுத்தளங்கள் இந்த வழிமுறையையோ அதைத் தழுவிய ஒன்றையோதான் பின்பற்றுகின்றன.

ஒரே நேரத்தில் பலர் கை வைப்பது இன்னும் நுட்பமான சிக்கல். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் ஒரே ஓர் இருக்கை மீதம். இரண்டு பேர் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். இருவருக்கும் ‘காலி’ என்று தெரிகிறது. இருவரும் பணம் கட்டுகிறார்கள். தரவுத்தளம் இங்கே ஒருவருடைய பரிமாற்றத்தை முடித்துவிட்டுத்தான் மற்றவருடையதை நடந்ததாகக் கொள்ள வேண்டும். யார் முதல் என்பது எப்படி இருந்தாலும் சரி. இதற்காக வரிசையைப் பூட்டி வைப்பதுண்டு. பூட்டினால் காத்திருப்பு வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு வரிசையைப் பூட்டிக்கொண்டு மற்றவரின் பூட்டு திறக்கட்டும் என்று முடிவில்லாமல் காத்திருக்கும் முட்டுக்கட்டையும் வரும். அப்போது தரவுத்தளம் ஒருவருடைய வேலையை ரத்து செய்து மற்றவருக்கு வழிவிடுகிறது.

அட்டவணைக்குப் பலவீனங்களும் உண்டு. வெற்றுக் கட்டம் அவற்றில் ஒன்று. கொழுப்புப் பரிசோதனைக் கருவி பழுதான அன்று கொழுப்பு என்ற கட்டத்தில் எதுவும் எழுத முடியாது. அது பூஜ்யம் அல்ல. தெரியாது என்று பொருள். எஸ்.க்யூ.எல். இதற்கு ‘நல்’ என்ற குறியை வைத்திருக்கிறது. கொழுப்பு 4 உள்ள வரிசைகள் எத்தனை என்று கேட்டு, 4 அல்லாதவை எத்தனை என்றும் கேட்டு, இரண்டையும் கூட்டினால் மொத்தம் வராது. தெரியாத மதிப்பு 4 என்றும் சொல்ல முடியாது, 4 அல்ல என்றும் சொல்ல முடியாது என்பதால் அந்த வரிசைகள் இரண்டு விடைகளிலும் இடம்பெறுவதில்லை. தருக்கப்படி இது சரிதான். ஆனால் தவறான அறிக்கைகளுக்கு இதைவிடச் சத்தமில்லாத காரணம் வேறில்லை. உறவுசார் முறையைத் தம் நூல்களால் பரப்பிய கிறிஸ் டேட் இந்தக் குறியே கூடாது என்று வாதாடினார்; கோட் அதை விடவில்லை.

அளவு இன்னொரு பலவீனம். கூகுளும் அமேசானும் 2006, 2007-இல் தங்கள் ‘பிக்டேபிள்’, ‘டைனமோ’ அமைப்புகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டபோது, அட்டவணைப் பொருத்தமும் முழுமையான பரிமாற்றமும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கணினிகளில் தகவலைப் பரப்பும் வழி பிரபலமானது. ‘நோ எஸ்.க்யூ.எல்.’ என்ற கொடியும் பறந்தது. சில ஆண்டுகளிலேயே கூகுள் ‘ஸ்பேனர்’ என்ற அமைப்பில் பரிமாற்றங்களை மீண்டும் கொண்டுவந்தது. கணக்கு வழக்கு தப்பக்கூடாத இடங்களை அட்டவணைகள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

கோட் சுட்டியை எடுத்துவிட்டதன் விளைவு ஒன்று அப்போது அதிகம் பேசப்படவில்லை. சுட்டி இருந்தவரை, இணைப்பை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தவர் மட்டுமே இரண்டு பதிவுகளை இணைக்க முடியும். மதிப்பால் இணைக்கலாம் என்று ஆனபின், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் வெவ்வேறு நோக்கத்துக்காக உருவாக்கிய அட்டவணைகளை மூன்றாமவர் ஒருவர் பொருத்திவிடலாம். இரண்டிலும் பொதுவான ஏதோ ஒன்று இருந்தால் போதும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அதில் மீதமிருந்தன. 1990-களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதிலும் அந்த மூன்றும் இருந்தன. மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கைக்கு வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களால் மட்டுமே தனித்து அடையாளம் காணக்கூடும் என்று அவர் பிறகு மதிப்பிட்டார். இதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. செய்தது ஒரு சாதாரண ஜாயின்.

பெயர் நீக்கிய பட்டியலிலேயே இது முடியுமென்றால், நாடு முழுவதற்கும் பொதுவான எண் ஒன்று இருக்கும்போது சொல்லவே வேண்டாம். ஆதார் எண் 12 இலக்கம். கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை இலக்கம். ஊர், சாதி, வயது எதையும் காட்டாத, வாழ்நாள் முழுதும் மாறாத எண் அது. திறவுகோலுக்கான பாடப்புத்தக இலக்கணம் எல்லாம் பொருந்திவருகிறது. ஒருவரே இரண்டு குடும்ப அட்டைகளில் இருப்பதைக் கண்டுபிடிக்க அரசுக்கு அது உதவுவதும் இதனால்தான். வங்கி, கைப்பேசி நிறுவனம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் அதே எண்ணை எழுதிவைத்தால், அவற்றின் அட்டவணைகள் அத்தனையும் ஒரே ஆளின் வாழ்க்கை வரலாறாகப் பொருந்திவிடும் என்ற அச்சத்துக்கும் காரணம் அதுவே. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டபோதும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் அந்த எண்ணைக் கேட்க இடம் தந்த பகுதியை நீக்கியது.

அதே ஆண்டு ஜனவரியில் ஆதார் ஆணையம் அறிவித்த மாற்றங்கள் பொறியியல் நோக்கில் கவனிக்கத்தக்கவை. ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய, வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்கத் தற்காலிக எண் ஒன்று. அதோடு, சரிபார்ப்புக் கேட்கும் நிறுவனத்துக்கு ஆதார் எண்ணுக்குப் பதில் 72 எழுத்து நீளமுள்ள ஒரு குறியீட்டைத் தரும் ஏற்பாடு. ஒரே ஆளுக்கு ஒரு நிறுவனத்துக்குப் போகும் குறியீடு எப்போதும் ஒன்றுதான். எனவே அந்த நிறுவனம் தன் அட்டவணைகளுக்குள் அதைத் திறவுகோலாக வைத்துக்கொள்ளலாம்; ஒரே ஆள் இருமுறை பதிவாவதையும் தடுக்கலாம். இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் குறியீடு வேறு. இரண்டு நிறுவனங்களும் தங்கள் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அந்தக் குறியீட்டால் ஒரு வரிசைகூடப் பொருந்தாது. ஆனால் இந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் இல்லை. ஆதார் எண்ணையே வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவை ஒரு வகை, குறியீட்டை மட்டும் பெறுபவை இன்னொரு வகை என்று நிறுவனங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகையில் யார் யார் இருக்கலாம் என்பதை ஆணையமே முடிவு செய்கிறது.